நான்காம் லாட்டும் காணாமல் போன கடலும்

28 ஏப்ரல் 2025, திங்கள்

எங்கள் பனியன் கம்பெனி முதலாளி வேல்குமார் செக்கிங் டேபிளுக்கே வந்து நின்றார். அவர் அங்கே வந்தால் ஷிப்மெண்ட் அவசரம் என்று அர்த்தம். இன்று கையில் பாஸ்போர்ட்டுகளோடு வந்தார். பிரான்ஸ் விசாவுக்கு மூன்று பேர் போட்டிருந்தோம். முதலாளிக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் அனுப்ரியாவுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கும்!

"தெய்வாத்தாக்கா, நீங்களும் அனுவும் போயிட்டு வந்துருங்க."

"எனக்கு அங்க என்னுங்க பேசத் தெரியும்?"

"சண்டை போடத் தெரியுமுல்லீங்க, அது போதும்."

விஷயம் இதுதான். பிரான்சில் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில் ஓதில் அம்மா என்று ஒருவர் கோடு போட்ட பனியன் விற்கிறார். ஆறு வருஷமாக நம்மிடம்தான் வாங்குகிறார். இப்போது, ஒரு தரம் துவைத்தாலே பனியன் முறுக்கிக்கொண்டு சைடு தையல் வயிற்றுக்கு வந்துவிடுகிறது என்று புகார். அடுத்த சீசன் ஆர்டரை வேறு தேசத்துக்குக் கொடுக்கப் போகிறாராம். அது போனால் என் செக்கிங் செக்ஷனை மூடிவிட்டுக் காண்ட்ராக்டுக்கு விட்டுவிடுவார்கள். பதினாறு பெண்கள் இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன்.

என் கையெழுத்து இல்லாமல் ஒரு பீஸ் வெளியே போகாது. முறுக்குகிறதாம்! துவைக்கத் தெரியாமல் துவைத்திருப்பார்.

17 மே, சனி

பெட்டி கட்டியாயிற்று. பருப்புப் பொடி, காங்கேயம் தேங்காய் எண்ணெய், ஸ்வெட்டர், ஊசி நூல், அம்புக்குறி ஸ்டிக்கர் ஒரு சுருள். பீஸில் குறை எங்கே இருக்கிறதோ அங்கே ஒட்டுகிற சிவப்பு அம்பு.

"அங்க எதுக்கு புள்ளை அது?" என்றார் வீட்டுக்காரர்.

"பொட்டு இல்லாமக்கூடப் போவேன், அது இல்லாமப் போக மாட்டேன்."

19 மே, திங்கள்

விமானம், ரயில், பஸ். காது இன்னும் அடைத்தபடியே இருக்கிறது. ஊர்ப் பெயரில் பாதி எழுத்தை உச்சரிக்கக் கூடாதாம். உச்சரிக்காததை எதற்கு எழுத வேண்டும்? நானும் எழுதப் போவதில்லை.

ஓதில் அம்மா கடை மூடியிருந்தது. திங்கட்கிழமை விடுமுறையாம். ஞாயிறும் விடுமுறையாம். திருப்பூரில் இப்படி ஒருத்தர் கடை நடத்தினால் பெண் கொடுக்க மாட்டார்கள்.

ரூமுக்கு வந்தபோது ஜன்னலுக்கு நேரே கடல் இருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தேன், இல்லை. நிஜமாகவே இல்லை. கண்ணுக்கு எட்டிய தூரம் சேறு. படகுகள் சாய்ந்து கிடந்தன.

"அணையை மூடிட்டாங்களா கண்ணு?"

அனு விழுந்து விழுந்து சிரித்தாள். தினம் இரண்டு தரம் போய் இரண்டு தரம் வருமாம். சாயங்காலம் வந்தது, சொன்ன நேரத்துக்கு வந்தது. எங்கள் சாயப்பட்டறைத் துணி ஒரு நாளும் இப்படி வந்ததில்லை.

தேங்காய் எண்ணெய் சுண்ணாம்பு மாதிரி உறைந்துவிட்டது. பாட்டிலைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

20 மே, செவ்வாய்

ஓதில் அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். ஒல்லி. மூக்கு நுனியில் கண்ணாடி. சிரிக்கவே இல்லை. கோவையில் பிரெஞ்சு படித்த அனு பேசினாள், நான் முறைத்தேன். ஒரு புதுப் பனியனை எங்கள் கண் முன்னால் மெஷினில் போட்டு, துவைத்து, காய வைத்து எடுத்தார்.

நன்றாகத்தான் துவைத்தார்.

தையல் நாலு விரல் நகர்ந்து வந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மணி பன்னிரண்டு. விளக்கை அணைத்துவிட்டார். சாப்பாட்டு நேரமாம், நாளைக் காலை வரச் சொன்னார். பாதிச் சண்டையில் எழுந்து போகிற மனுஷியை இப்போதுதான் பார்க்கிறேன்.

வெளியே வந்து பனியனின் லேபிளைத் திருப்பினேன். நான்காம் லாட், நாலாவது தடவையாக அனுப்பிய சரக்கு.

நினைவிருக்கிறது. இல்லாமல் என்ன? வாஷிங் மெஷின் ரிப்பேர். வாசலில் லாரி. முதலாளி பத்துத் தரம் போன் செய்தார். மூன்று லாட் நன்றாக வந்ததே, நாலாவது மட்டும் என்ன கெட்டுப் போகும்? துவைத்துப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். துவைக்கவில்லை.

அன்றைக்கே ராத்திரி

அனுவிடம் சொல்லிவிட்டேன். பனியனை வாங்கி லேபிளைப் பார்த்தாள். பிறகு, "சாயப்பட்டறை மேல தள்ளீரலாங்க்கா. அவங்க என்ன இங்கயா வந்து நிக்கப் போறாங்க?" என்றாள்.

நல்ல யோசனை. ரொம்ப நல்ல யோசனை. ஏன் தூக்கம் வரவில்லை?

21 மே, புதன்

மானம் போயிற்று.

ஓதில் அம்மாவும் அனுவும் பழைய காகிதங்களைப் பார்க்க மாடிக்குப் போனார்கள். என்னைக் கீழே கடையில் உட்கார வைத்தார்கள். இருபத்தாறு வருஷம் செக்கிங்கில் நின்றவளைப் பனியன் கடையில் தனியாக விடுவது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதுதான். சும்மா ஒரு பனியனைப் புரட்டிப் பார்த்தேன். கழுத்தில் இரண்டு தையல் விழாமல் தாண்டியிருந்தது. கை தானாகப் பைக்குள் போயிற்று.

அவர்கள் இறங்கி வந்தபோது கடை முழுக்கச் சிவப்பு அம்பு. நடுவில் பனியன் வாங்க வந்த ஒரு மீசைக்காரர் தோளிலும் ஒட்டிவிட்டேன். அவர் போட்டிருந்த பனியனில் தோள் தையல் விட்டிருந்தது, நான் என்ன செய்ய? அவர் ஏதோ சொன்னார். நான் "ஓகே, ஓகே" என்றேன். அம்போடு கடற்கரைப் பக்கம் நடந்து போய்விட்டார்.

"ஐயோ அக்கா! நம்ம பீஸ்லயும் ஒட்டி வெச்சிருக்கீங்க!"

ஆமாம். குறை இருந்தால் ஒட்டத்தான் வேண்டும். கைக்கு நம்ம பீஸ், அடுத்தவன் பீஸ் என்று தெரியுமா? ஓதில் அம்மா ஒவ்வொன்றாக எண்ணினார். மற்றவர்கள் சரக்கில் ஒன்பது. எங்கள் சரக்கில் பதினாலு. கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு. விளக்கை அணைத்தார்.

வீட்டுக்காரர் போனில் கேட்டார்: "அங்க போயுமா?"

22 மே, வியாழன்

அனு சாயப்பட்டறைக் கதையை ஆரம்பித்தாள். அழகாகத்தான் சொல்லியிருப்பாள் போல, ஓதில் அம்மா தலையாட்டினார். அந்தப் பட்டறைக்காரர் என்ன பாவம் செய்தார்? லேட்டாகத் தருவார், சரி. ஆனால் இது அவர் தலையில் விழக் கூடாது.

"நிறுத்து கண்ணு. நாந்தான் துவைக்கலைன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேனுங்க்கா. ஆர்டர் போயிரும். மொதலாளி என்னைக் கொன்னே போடுவாரு."

எனக்கு பிரெஞ்சு தெரியாது. மேஜையில் நான்காம் லாட்டோடு நாங்கள் அனுப்பிய செக்கிங் ரிப்போர்ட் கிடந்தது, கீழே என் கையெழுத்து. சுருளிலிருந்து ஒரு அம்பை உரித்து, என் பெயருக்கு நேராக ஒட்டினேன். அம்பு கோணலாகப் போய்விட்டது.

ஓதில் அம்மா அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பதினாறு முகமும் கண் முன்னால் வந்து போயின. கடைசியில் ஏதோ சொன்னார். அனு மெதுவாகத் தமிழில் சொன்னாள்: "இதோட பதினஞ்சுங்கறாங்க்கா."

மணி பன்னிரண்டு. விளக்கை அணைத்தார். ஆனால் இன்று எங்களையும் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார். கறுப்பாக ஒரு தோசை. நடுவில் முட்டையை உடைத்து ஊற்றி, நான்கு பக்கமும் மடித்திருந்தது. பருப்புப் பொடியை எடுத்துத் தூவினேன். ஓதில் அம்மாவும் தட்டை நீட்டினார். திரும்பும் வழியில் மீசைக்காரர் பிடித்துக்கொண்டார், தோளில் அம்பு அப்படியே இருந்தது. நின்ற இடத்திலேயே ஊசி நூல் எடுத்துத் தைத்துக் கொடுத்தேன்.

முடிவு: நான்காம் லாட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த சீசனுக்குப் பாதி ஆர்டர். ஒவ்வொரு லாட்டிலும் நான் என் கையால் துவைத்த பீஸ் ஒன்று முன்கூட்டியே வர வேண்டும். அது சரியாக இருந்தால் மீதி ஆர்டர். கிளம்பும்போது கையை நீட்டினார். கை குலுக்கத்தான் என்று நினைத்து நானும் நீட்டினேன். அவருக்கு வேண்டியது ஸ்டிக்கர் சுருள்.

25 மே, ஞாயிறு

திருப்பூர் வந்து சேர்ந்ததும் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. நன்றாகத் திட்டினார். பிறகு லாரிக்காகப் பத்துத் தரம் போன் செய்தது யார் என்று அவருக்கே நினைவு வந்திருக்க வேண்டும். "மெஷினு புதுசு வாங்கிக்கலாமுங்க்கா" என்றார்.

26 மே, திங்கள்

கடை திறந்திருக்கிறது. எல்லாக் கடையும் திறந்திருக்கிறது. அப்பாடா.

15 அக்டோபர், புதன்

பிரான்சிலிருந்து பார்சல். ஆகஸ்டில் அனுப்பிய பனியன்களில் ஒன்று. ஐந்து தரம் துவைத்ததாக ஓதில் அம்மா சீட்டு எழுதியிருக்கிறார், அனு படித்துச் சொன்னாள். டேபிளில் விரித்தோம். பதினாறு பேரும் வந்து சுற்றி நின்றார்கள். சைடு தையல் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. மீதி ஆர்டர் காகிதமும் உள்ளேயே இருந்தது. அவர்களில் மாரக்காள் கை தட்டினாள்.

அப்புறம்தான் பார்த்தேன். கீழ் மடிப்பில், உள் பக்கமாக, ஒரு சிவப்பு அம்பு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். பிசிறு நூல் ஒன்று, அரை விரல் நீளம், வெட்டாமல் விட்டிருக்கிறது.

சரியாகத்தான் ஒட்டியிருக்கிறார்.