சிலந்தியை எண்ணுங்கோ, அப்பா

அக்கா,

இன்று காலை சித்தப்பா கடையின் நிலவறையில் கரப்பானுக்கு மருந்து அடித்தார். இந்தப் பிரெஞ்சு நாட்டில், நம் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், எனக்கு வேலை அங்கேதான், அரிசி மூட்டைகளுக்கு நடுவில். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் கோபம் நினைவுக்கு வந்தது.

கிளிநொச்சியில், வாய்க்கால் தண்ணீரில் விளையும் நம் வயல். ஒரு போகம், நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சியைக் கண்டு அப்பா அவசரப்பட்டு மருந்து அடித்தார். அதைப் பிடித்துத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் செத்தன. தப்பிய அறக்கொட்டி பெருகி, நெல் வட்டம் வட்டமாகக் கருகியது. அடுத்த போகம் அவர் மருந்தடிக்கும் மெசினைத் தோளில் மாட்டப் போனபோது நீங்கள் அதன் குழாய் முனையைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டீர்கள். நான் பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன்.

"உன்ரை சிலந்தியளுக்குச் சாப்பாடும் கட்டிக்கொண்டு வந்தனியோ?" என்றார் அப்பா.

"அதுகளின்ரை சாப்பாடு வயலிலையே கிடக்கு. நீங்கள் நஞ்சு வைக்காமல் இருந்தால் காணும்."

அந்தப் போகம் வயல் கருகவில்லை. அடுத்த மழைக்கு டெங்குக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பிறகு இங்கே அனுப்பினார்கள். இங்கே நான் அதிகம் பேசுவதில்லை.

இன்று நெடி அடங்குமுன் அப்பா வயல் வரப்பிலிருந்து வீடியோவில் வந்தார். மறுபடி அறக்கொட்டி தெரிகிறதாம்.

"யோசிக்காதேங்கோ அண்ணை, இண்டைக்கே அடியுங்கோ" என்றார் சித்தப்பா.

நான் போனை அவர் கையிலிருந்து வாங்கினேன். இல்லை, பறித்தேன்.

"அடியாதேங்கோ அப்பா. பயிரின்ரை அடியைத் தட்டி, தண்ணியிலை விழுற சிலந்தியை எண்ணுங்கோ."

சித்தப்பா சிரித்தார். "மெத்ரோவிலை வழி கேக்க வாய் வராது. இவ வயலுக்கு வழி சொல்லுறா!"

"மெத்ரோ எனக்குத் தெரியாது. வயல் தெரியும், சித்தப்பா."

அப்பா போனோடு வயலுக்குள் இறங்கினார். "இதிலை மூண்டு. இதிலை நாலு, தண்ணிக்கு மேலாலை ஓடுதுகள். அறக்கொட்டி அவ்வளவு இல்லை" என்றார். வரப்பில் ஏறியதும், "தண்ணியை வடிய விட்டால் அறக்கொட்டி குறையும். நாலு நாள் பாப்பம்."

"கருகினால்?" என்றார் சித்தப்பா என்னிடம்.

"என்னை ஏசுங்கோ."

கருகலாம், அக்கா. எனக்கும் பயம்தான். ஆனால் நாலு நாளும் நானே அப்பாவுக்கு அழைத்து எண்ணச் சொல்வேன். சித்தப்பா பக்கத்தில் நின்றாலும் குரலைக் குறைக்க மாட்டேன்.