ஜெனிஷாவின் கால் அளவு

அன்புள்ள அம்மாவுக்கு,

ஸ்தோத்திரம். உங்கள் முட்டுவலி எப்படி இருக்கிறது? நெய்யூர் ஆஸ்பத்திரியில் தந்த மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? நான் சுகம். நாள் முழுக்க எலும்பைத் தேய்த்துக் கை மரத்துப்போகிறது, அவ்வளவுதான்.

இங்கே மியூசியத்தில் ஒரு வேடிக்கை. சின்னதாகவே வாழ்ந்த தனி இனம் என்று எல்லோரும் நம்பிய டைனோசர் ஒன்றின் எலும்பை மெல்லிசாக அறுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வளர்ந்து முடிந்த எலும்பின் ஓரத்தில், மரத்தின் வளையம் போல, வளர்ச்சி வரிகள் நெருங்கி நிற்கும். இதில் அப்படி இல்லை. ரத்தம் ஓடிய துளைகள்தான் நிறைய. வேகமாக வளர்ந்துகொண்டிருந்த குட்டி அது. பக்கத்து அறையில் நிற்கும் பெரிய மிருகத்தின் இனமேதான். வளர வளரச் சாயல் மாறும் என்பதால் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் போன வாரம் நீங்கள் அனுப்பிய சண்டே ஸ்கூல் படம் நினைவுக்கு வந்தது. ஜெனிஷாவைக் காணவில்லையே, முன்னால் நிற்கும் நெட்டைப் பிள்ளை யார் என்று கேட்டேனே. "ஏட்டி, அது உனக்க பிள்ளையாக்கும்!" என்று போனில் சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அவளுக்குச் செருப்பு வாங்க வேண்டும். காலைக் காகிதத்தில் வைத்து வரைந்து தபாலில் அனுப்புங்கள். போனில் படமாக வந்தால் அளவு தெரியாது. நிற்க வைத்து வரையுங்கள், அப்போதுதான் பாதம் விரியும். இரண்டு காலும் வேண்டும்.

எலும்பு அறுக்கும் மிஷின் நின்றுவிட்டது, போகிறேன்.

செருப்புக்கடைக்கு ஒரு கால் போதும். மற்றது எனக்கு.

உங்கள் மகள்,
பெமிலா