மூன்றே முக்கால் அடிப் பிடி

கொழும்புத்துறை,
17.03.1986

அன்பு மகன் பிலேந்திரனுக்கு,

தேவமாதாவின் தயவில் நான் எழும்பி நடமாடுகிறேன், முழங்கால் மட்டும் பூசையில் சொல்லுக் கேட்பதில்லை. நீயும் அந்த நோர்வேக் குளிரில் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை, உன் கடிதத்தில் உன்னைப் பற்றி நாலு வரியும் மீன் வாரும் கைவலை அத்தாங்கைப் பற்றி இரண்டு பக்கமும் இருந்தன. உறை பிரித்து ஒட்டப்பட்டு வந்தது, சோதனைக்காகப் பிரித்தவர்கள் ஒரு பொறியியலாளர் தன் தாயிடம் அத்தாங்கு கேட்பதை வாசித்து என்ன நினைத்தார்களோ தெரியாது. கோடை ஞாயிறுகளில் ஓலா என்ற நண்பனோடு ஆற்றில் தூண்டில் போடுவதாகவும் கடையில் வாங்கிய அத்தாங்கு முதல் பெரிய மீனிலேயே முறிந்துவிட்டதாகவும் எங்கள் கரையில் செய்தால்தான் நிலைக்கும் என்றும் எழுதியிருந்தாய். ஞாயிறு பூசைக்கு எத்தனை மணிக்குப் போகிறாய் என்பதை எழுதவில்லை. கரைப்பக்கம் போனால் தோலை உரிப்பேன் என்று சொல்லி உன்னைப் படிப்பு மேசையில் இருத்தியவள் நான், முப்பத்திரண்டு வயதில் இந்த மீன் ஆசை எங்கிருந்து வந்தது என்று வாசித்த அன்றே எனக்கொரு சந்தேகம்.

ஆனாலும் கேட்டதைச் செய்யாமல் விடவில்லை. முதலில் பட்டணத்தில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்ற ஒரு வலையை விரித்துக் காட்டி யப்பான் நைலோன், ஆயுசுக்கும் போதும் என்றார். வலையின் ஒரு கண்ணை இரண்டு விரலால் இழுத்துப் பார்த்தேன், முடிச்சு நகர்ந்தது. காய்ந்திருக்கும்போதே நகரும் முடிச்சு நனைந்தால் எங்கே நிற்கும். வளையத்துக் கம்பியையும் பச்சை மை பூசி மறைத்திருந்தார், நகத்தால் சுரண்டியபோது உள்ளே துரு. வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பிறகுதான் குருநகரில் வலை பின்னும் மக்டலீனிடம் போனேன். கடற்படை கடலுக்குப் போக விடாததால் அங்கே எல்லோரும் களப்பில் இறால் வாருகிறார்கள், அவளுக்கு அத்தாங்கு வேலை கைநிறைய இருக்கிறது. அவள் எடுத்த எடுப்பில் நூலைக் காட்டவில்லை, ஆற்றின் அடி கல்லா சேறா, மீன் எத்தனை இறாத்தல் என்று கேட்டாள். கல் என்றும், ரின்னில் அடைத்து வரும் சமன் மீன் என்றும், பதினைந்து இறாத்தல் வரும் என்றும் நீ எழுதியதை வாசித்தேன். கல்லில் உரசும் என்பதால் வலையின் அடிப்பகுதிக்கு இரட்டை நூல், செட்டை சிக்காதபடி இரண்டு விரல் கண், மீன் துள்ளி வெளியே விழாதபடி ஆழம் இரண்டரை அடி என்று முடிவு செய்தோம். உன்னுடையது முறிந்தது பிடியும் வளையமும் சேரும் இடத்தில்தானே, கடைச் சாமான் எல்லாம் அங்கேதான் முறியும். இதில் பிரம்பு வளையத்தின் இரு முனையும் பிடியின் இருபக்கமும் ஒரு சாண் கீழே இறங்கிச் செப்புக் கம்பியால் வரிந்திருக்கிறது. பிடி உள்ளே துளையில்லாத மூங்கில், எளிதில் முறியாது. ஒவ்வொரு முடிச்சையும் நான் இழுத்துப் பார்த்தேன், இரண்டைத் திரும்பப் போடச் சொன்னேன், மக்டலீன் முகத்தைச் சுளித்தாலும் போட்டாள்.

இனி நான் எழுத வந்த விஷயம். பிடி மூன்றே முக்கால் அடி, அதற்கு மேல் ஓர் அங்குலமும் வேண்டாம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாய். அதை வாசித்ததும் மக்டலீன் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். “இது ஆரின்ரை அளவம்மா? உங்கடை மோனை நான் கண்டனான், அவருக்கு உது நெஞ்சுக்கும் வராது. பிடியை நிலத்திலை ஊண்டினால் பிடிக்கிற ஆளின்ரை கமக்கட்டுக்கு வரோணும், அதுதான் எங்கடை அளவு. இது அஞ்சடி ஆளுக்கு” என்றாள். என் மகனின் நண்பனுக்காக இருக்கும் என்றேன். “வெள்ளைக்காரர் நெடுவலெண்டெல்லோ சொல்லுறவை” என்று சொல்லிச் சிரித்தாள். உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆனால் வீட்டுக்கு வந்ததும் நீ அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். உன் ஓலா கதவு நிலையில் தலை இடிக்க நிற்கிறான், உன்னைவிட ஒரு சாண் உயரம். பிறகு விளக்குமாற்றுத் தடியில் மூன்றே முக்கால் அடி அளந்து, கையைத் தூக்கி என் கமக்கட்டுக்குள் வைத்துப் பார்த்தேன், அச்சொட்டாக வந்தது. நான் நோர்வேயில் இல்லை. கை நோகாமல் பிடிக்குத் துணி சுற்றச் சொல்லியும் எழுதியிருந்தாய், உன் கை எப்போது தொட்டு அவ்வளவு மெதுமையானது. பிடியின் அளவே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்ற கரை வழக்கம் உனக்குத் தெரியாமல் வளர்த்தவள் நான்தான், தெரிந்திருந்தால் அந்த அளவை எனக்கு எழுதியிருக்க மாட்டாய்.

நீ யாரோடு ஆற்றங்கரையில் நிற்கிறாய் என்பது உன் காரியம் என்று நினைக்கலாம். ஆனால் மரியரட்ணம் மாஸ்ரரின் மகளுடைய கலியாணப் பேச்சுக்குப் பாஸ்காத் திருநாளுக்குப் பிறகு பதில் தருவேன் என்று மார்கழியில் எழுதியவன் நீ. அந்த எழுத்தை நம்பி அந்தப் பிள்ளை வேறொரு சம்பந்தத்தைத் தட்டிவிட்டு இருக்கிறது. நேற்றுப் பூசை முடிய அவர்கள் வீட்டுக்குப் போய், என் மகனின் பதிலுக்காக இனிப் பார்த்திருக்க வேண்டாம் என்று சொன்னேன். மாஸ்ரர் கோபிக்கவில்லை, என்ன காரணம் என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அறுபத்தெட்டு வயதில் ஒருவர் வீட்டு வாசலில் நின்று என் பிள்ளையின் காரியம் எனக்குத் தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அந்தப் பிள்ளை தேத்தண்ணீர் கொண்டுவந்து தந்தது, குடித்துவிட்டு வந்தேன். நான் சந்தேகித்தது பிழையென்றால் அதையும் எழுது, நானே திரும்பப் போய் அந்த வாசலில் நின்று மன்னிப்புக் கேட்பேன். கேட்க வேண்டி வராது என்றுதான் எனக்குப் படுகிறது.

இருபத்தாறாம் திகதி அங்கே வரப் புறப்படும் உன் நண்பன் லியோனிடம் அத்தாங்கைக் கொடுத்து விடுகிறேன். பிடியை நீ கேட்ட அளவுக்கே வெட்டுவித்தேன். மக்டலீன் எதற்கும் ஓர் அடி கூட்டி விடவா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். துணியும் சுற்றியிருக்கிறது, அது நான் தைத்தது. ஆற்றிலிருந்து வந்ததும் அலசி நிழலில் தொங்கவிடு, ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பிரம்பு உளுத்துவிடும். பூசையைத் தவறவிடாதே. தேவமாதாவின் காவல் உனக்கும், உன் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இருக்கட்டும். அத்தாங்கு கிடைத்ததென்று அதைப் பிடிக்கிற ஆள் எனக்கு எழுத வேண்டும். தமிழ் தெரியாதென்றால் ஆங்கிலத்தில் எழுதட்டும், சிஸ்டர்மார் எனக்கு இரண்டும் படிப்பித்தார்கள். உறையில் உன் கையெழுத்து இருந்தால் பிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
றெஜினா ஞானப்பிரகாசம்