தொடாமல் விட்ட பெயர்

வாரிகுல் கம்பளிக் கொட்டகை, குயின்ஸ்லாந்து
7 மார்ச் 1915

அன்புள்ள டேன்,

கோழி கிளறியது போன்ற இந்த எழுத்துக்கு முதலில் மன்னித்துக்கொள். ஆனால் எல்லாம் என் கை எழுதியது. அறுபத்தெட்டு வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்! டவுன் விடுதிக்காரி பிரிஜிட், மாவு மூட்டையையும் ஜாம் டப்பாவையும் காட்டிக் கற்றுக்கொடுத்தாள். "ஆடுகூட இதுக்குள்ள படிச்சிருக்கும், கிழவா!" என்று திட்டிக்கொண்டேதான்.

படிப்போடு ஒரு கெட்ட செய்தியும் வந்தது. கொட்டகைக் கதவில், மூன்று வருஷம் முன்பு நீ தோற்ற மாநிலத் தேர்தலின் அறிவிப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது. போன வாரம் வாசித்தேன். வேண்டாதவர் பெயரை அடிக்க வேண்டுமாம்.

அதற்கு முந்தைய மத்தியத் தேர்தலில் வேண்டியவருக்குத்தானே பெருக்கல் குறி போட்டோம்? இதற்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். படிக்கத் தெரிந்தவன் மாதிரி நடித்துக்கொண்டு கொட்டகையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் நம் ஆட்களிடம் சொன்னேன்: "ரெண்டாவது பேருதான் நம்ம டேன். அது மேலயே பெருசா ஒரு பெருக்கல் போடுங்கடா!" பதினான்கு பேர் போட்டோம்; பதினான்கும் உன் எதிராளிக்குப் போயிற்று. நீ ஒன்பது ஓட்டில் தோற்றாய்.

கொட்டகை உன்னைக் கைவிடவில்லை, டேன். கெடுத்தது நான். மே மாதம் மறுபடியும் நிற்பாயா?

உன் பழைய கூட்டாளி,
சைலஸ் பென்ஹேல்

பிரிஸ்பேன்
21 மார்ச் 1915

அட சைலஸ்,

என் தீவனக் கடையில் மூட்டை மேல் உட்கார்ந்து அரை மணி நேரம் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கூட நின்று ஆட்டு ரோமம் கத்தரித்தவர்களே முதுகில் குத்திவிட்டார்கள் என்று மூன்று வருஷம் உங்களைத் திட்டியிருக்கிறேன். அரசியலே வேண்டாம் என்று இங்கே வந்து உட்கார்ந்தேன். "அவங்க அப்படிப்பட்ட ஆளுங்க இல்லன்னு நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா?" என்கிறாள் என் மனைவி நோரா.

கோபம் இல்லை என்றால் பொய். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, முட்டாளே?

நிற்கிறேன். ஒரு நிபந்தனை. வாக்குப்பதிவு அன்று காலை, அறிவிப்பை நீதான் எல்லோருக்கும் உரக்க வாசிக்க வேண்டும்.

டேன் மல்கீன்

வாரிகுல் கொட்டகை
23 மே 1915

அன்புள்ள டேன்,

நேற்றுக் காலை தேயிலைப் பெட்டி மேல் ஏறி நின்று வாசித்தேன். நம் கொட்டகைக் கிழட்டு கஸ் சும்மா இருப்பானா? "இந்தத் தடவையாவது ஒழுங்கா சொல்றியா, இல்ல மறுபடியும் டேனை வீட்டுக்கு அனுப்பப் போறியா?"

"டேன் பேரு பக்கம் எவனாவது பென்சிலைக் கொண்டுபோனீங்க, கைய ஒடச்சிடுவேன்!" என்றேன். ஒரே சிரிப்பு.

பிறகு ஓட்டுச் சீட்டில் உன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மூன்று தரம். அதைத் தொடாமல், மற்றவன் பெயரை மட்டும் அடித்தேன். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கத்தினார்கள். கத்தட்டும்.

எண்ணி முடிக்க வியாழனாகுமாம். யாரும் எனக்கு முடிவைச் சொல்லக் கூடாது, செய்தித்தாளில் நானே வாசிப்பேன் என்று பிரிஜிட்டிடம் சொல்லியிருக்கிறேன். எதுவானாலும் வரும் ஞாயிறு உனக்கு எழுதிவிடுவேன். உறை மேல் எழுத 'சட்டமன்ற உறுப்பினர்' என்று இப்போதே பழகிக்கொண்டிருக்கிறேன். நீளமான வார்த்தை. வந்துவிடும்.

சைலஸ்