போர்டுக்கு மேல் நீட்டிய போட்டோ

பேராவூரணி. ஐப்பசி, செவ்வாய் இரவு.

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இப்ராகிம் பாய் துபாயிலிருந்து கொண்டுவந்த டிவியை என் ரிப்பேர் கடையில் பிரித்திருந்தேன். கழற்றிய வயர்களில் எது எங்கே என்று நான் எழுதிக்கொள்வதில்லை, கண்ணிலேயே வைத்திருப்பேன். பாய் துபாய்க் கதை பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு என்னைக் கலைக்காது.

அக்கா வந்து ஒரு பெண்ணின் போட்டோவை நேராகப் பிரித்துக் கிடந்த டிவி போர்டுக்கு மேலே நீட்டினாள். "ஒரே ஒரு தடவ பாருடா. செல்வி தவறிப்போயி வருசம் திரும்பிடுச்சு. இன்னொரு கல்யாணம் வேணாமா?"

பார்த்துத் தொலைத்தேன். வயர்கள் கண்ணைவிட்டுப் போயின. குத்துமதிப்பாகச் சொருகினேன். புகை வந்தது.

"கடல் தாண்டி வந்த பொட்டி தம்பி, பேராவூரணியத் தாண்டலயே!" என்றார் பாய்.

அக்காவைப் பார்த்துக் கத்தினேன். "ஒரு டிவிக்காடா இவ்வளவு கோவம்?" என்று அழுதுகொண்டே போனாள்.

டிவியைச் சரிசெய்துவிடலாம். கண்ணை மூடினால் தினமும் செல்வி முகம் வரும், அப்புறம்தான் தூக்கம். இன்று அந்தப் பெண்தான் வருகிறாள். செல்விக்கு மூக்குத்தி இடப்பக்கமா, வலப்பக்கமா? கல்யாண ஆல்பம் பீரோவில்தான் இருக்கிறது. எடுக்கமாட்டேன். அவளாகவே வரட்டும்.