தலைக்குத் தண்ணீர்

பாலத்து வேலையில் இருக்கும் என் அன்பானவருக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்தைக் கேட்கத்தான் வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் மேட்டில் ஏறி நின்று போனில் பேசும் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் பிள்ளைகளுக்குப் போய்விடுகிறது. மீதி இரண்டு நிமிடமும் உங்கள் தங்கை என் தோளை ஒட்டி நிற்கிறாள். அவள் காதில் விழக் கூடாத விஷயம் ஒன்று இருப்பதால்தான் இந்தக் கடிதம். சாமான் லாரியில் கொடுத்தனுப்புவதால், வழியில் யாரும் பிரித்துப் பார்க்காதபடி நன்றாக ஒட்டியிருக்கிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பள்ளிக்கூடம் மூடி மூன்று வாரம் ஆகிறது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. கூடத்து மின்விசிறி சுற்றுவதைவிட முனகுவதுதான் அதிகம். தரை மட்டும் கொஞ்சம் குளிர்ச்சி என்று பிள்ளைகள் இரண்டு பேரும் மத்தியானம் முழுக்கப் பல்லி மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கிறார்கள். பெரியவளுக்குப் போன வருடத்துப் பாவாடை எல்லாம் முட்டிக்கு மேலே ஏறிவிட்டது. சின்னவனுக்கு முன்பல் ஆடுகிறது. அதை நாக்கால் தள்ளிக் காட்டுவதற்காகத் தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்துகிறான். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் இன்னும் பழைய போராட்டம்தான். செம்பைத் தூக்கினாலே அலறுகிறான். ஈரத் துணியால் தலையைத் துடைத்துவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். ஆறு வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு அடமா என்று போன வாரம் முதுகில் ஒன்று வைத்தும் விட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தன் பரீட்சை முடிவு வரும்வரை பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உங்கள் தங்கை தானாகவே வந்தபோது எனக்கு ஒரு கை கூடியது போலத்தான் இருந்தது. அதை மறுக்கவில்லை. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்குக் கிளம்பும்போது சோறு வடித்திருப்பாள், பிள்ளைகளுக்குத் தலை வாரியிருப்பாள். பத்து மணிக்கு இருவரையும் நூலகத்துக்குக் கூட்டிப் போகிறாளாம். பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்பிவிடுவார்களாம். அப்படித்தான் சொல்கிறாள்.

செவ்வாய்க்கிழமை நூலகம் விடுமுறை. போன செவ்வாயும் போயிருக்கிறார்கள்.

பகல் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வரும்போது பிள்ளைகள் மூன்று நாள் பட்டினி கிடந்தவர்கள் போலச் சாப்பிடுகிறார்கள். கதைப் புத்தகம் படித்தா இப்படிப் பசிக்கும்? பெரியவள் கண் சிவந்திருக்கிறது. நாளெல்லாம் கண்ணாடிக்கு அளவெடுக்கிறவள் நான். படித்துச் சிவந்த கண்ணையும் வேறு காரணத்தால் சிவந்த கண்ணையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாதா? பின்னலைப் பிரித்தால் உள்ளே ஈரம். கேட்டால், "வேர்வைம்மா" என்கிறாள். சின்னவனோ, நான் எதுவும் கேட்காமலே, "நாங்க ஒண்ணும் பண்ணலம்மா" என்றான். பெரியவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்பது வயதில் அப்படி ஒரு பார்வையை யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

நேற்று மத்தியானம் தூக்கத்தில் அவன், "தவளைகிட்ட சொல்லாத" என்று உளறினான். எந்தத் தவளை, என்ன சொல்லக் கூடாது, ஒன்றும் புரியவில்லை.

மனதில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தங்கைக்கு இருபத்து நான்கு வயது. அவள் யாரையாவது பார்க்கப் போகிறாளா? அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் போகிற இடத்துக்கு என் பிள்ளைகளைத் துணைக்குக் கூட்டிப்போய், வீட்டில் பொய் சொல்லவும் பழக்குகிறாள் என்றால் அதைப் பொறுக்க மாட்டேன். உங்களிடம் ஏதாவது சொன்னாளா? இரண்டு வரி எழுதுங்கள்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் இறங்காதீர்கள்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மனைவி

•

அன்பானவருக்கு,

உங்கள் பதில் நாலே நாளில் வந்துவிட்டது. கல்யாணமான இத்தனை வருடத்தில் உங்கள் கடிதம் இவ்வளவு வேகமாக வந்ததில்லை. ஆறு வரி. "அவ பொறுப்பான பொண்ணு. கண்டதையும் யோசிச்சு மண்டையைக் குழப்பிக்காதே. பிள்ளைங்களைத் தோண்டித் துருவாதே." அவ்வளவுதான்.

அந்த ஆறு வரியை அறுபது தடவை படித்துவிட்டேன். தங்கை கல்லூரிச் சுற்றுலா போனபோது, பேருந்து ஓட்டுநர் யார், எப்படிப்பட்டவர் என்று விசாரித்த அண்ணன் நீங்கள். இப்போது அவள் யாரையோ பார்க்கிறாளோ என்று நான் எழுதியிருக்கிறேன். அது யார் என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. தெரியாத விஷயத்தைக் கேட்காமல் விடுகிற ஆள் இல்லை நீங்கள். அப்படியென்றால் தெரிந்த விஷயம். அண்ணனும் தங்கையும் சேர்ந்து எனக்கு மட்டும் மறைக்கிற அளவுக்கு என்னதான் அது?

இங்கே நடப்பதைச் சொல்கிறேன். எதிர்வீட்டுத் தையல்கார அக்கா என்னைக் கூப்பிட்டு, "உங்க பிள்ளைங்களை ஒரு ஆள் ஸ்கூட்டர்ல கொண்டாந்து தெருமுனையில விடுறாரு. கழுத்துல விசில் தொங்குது. சின்னவனுக்கு மிட்டாய் வேற குடுத்தாரு. உங்க நாத்தனார் பின்னாடி நடந்து வருது" என்றார். ஊசியில் நூல் கோக்க மட்டும் அவருக்குக் கண் தெரியாது. தெருமுனையில் நடப்பது எல்லாம் துல்லியமாகத் தெரியும்.

அன்று சின்னவன் தலையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். ஒரு செம்புத் தண்ணீருக்கு ஊரைக் கூட்டுகிற பிள்ளை முழுத் தலையும் நனைந்து வந்திருக்கிறான், அழுத அடையாளம்கூட இல்லை. என் கையிலிருந்து நழுவி ஓடி, அத்தையின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். பெற்ற தாயிடமிருந்து தப்பிக்க அத்தையின் முதுகு.

உங்கள் தங்கையிடம் நேராகவே கேட்டேன். "எங்க போறீங்க?" "நூலகத்துக்குத்தான் அண்ணி." "நூலகத்துல மழை பெய்யுதா?" வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, "கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க அண்ணி" என்றாள். அவள் கண் கலங்கியது வெங்காயத்தாலா, வேறு எதனாலா, தெரியவில்லை.

இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். உங்கள் மேற்பார்வையாளரின் மனைவி படிக்கிற கண்ணாடி வாங்கக் கடைக்கு வந்திருந்தார். அடுத்த வாரம் கணவர் வருகிறாராம், முகமெல்லாம் பூரிப்பு. "லீவு கேட்டவங்க எல்லாருக்கும் பத்து நாள் குடுத்திருக்காங்களாமே, உங்க வீட்டுக்காரர் எப்ப வர்றாரு?" என்று கேட்டார். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். இந்த வருடம் லீவு கிடையாது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? கிடைக்கவில்லையா, கேட்கவில்லையா?

ஒரு சந்தேகம் இருந்தால் தூங்கலாம். இரண்டு சேர்ந்தால் முடியாது. வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டிருக்கிறேன். நான் என்ன செய்யப்போகிறேன் என்று உங்களுக்கு எழுதவில்லை. எழுதினால் உங்கள் தங்கைக்குத் தெரிந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் சந்தேகமில்லாமல் சொல்கிறேன்.

உங்கள் மனைவி

•

என் பிள்ளைகளின் அப்பாவுக்கு,

வியாழக்கிழமை அவர்களுக்குப் பின்னாலேயே போனேன். கடைக்குப் போவது போல முன்னதாகவே கிளம்பி, மருந்துக்கடை ஓரத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்து நின்றேன். பெற்ற பிள்ளைகளைத் திருடி மாதிரி வேவு பார்க்கிறோமே என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனேன். அவர்கள் நூலகத்தைத் தாண்டினார்கள், பேருந்து நிலையத்தைத் தாண்டினார்கள். நகராட்சி நீச்சல் குளத்து வாசலில் நுழைந்தார்கள்.

வெளியே கம்பிவலை. அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன், வெயிலில் கம்பி சுட்டது. விசில்காரர் குளத்துக்குள் நின்றார். ஐம்பது வயது, நரைத்த மீசை, தண்ணீருக்கு மேலே ஒரு தீவு போலத் தொப்பை. பிள்ளைகள் அவரைத் தவளை மாஸ்டர் என்கிறார்கள். நான் இரண்டு கடிதம் முழுக்கக் கற்பனை செய்து வைத்திருந்த காதலன் அவர்தான். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

உங்கள் தங்கை முட்டிவரை சுடிதாரைச் சுருட்டிவிட்டுச் சின்னப் பிள்ளைகள் பக்கம் நின்றாள். அவளுக்கும் நீச்சல் தெரியாது என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு கையால் படிக்கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். மாஸ்டர் சின்னவனின் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்து நீட்டிப் படுக்க வைத்தார். நாலு அடி நகர்ந்ததும் முகம் தண்ணீருக்குள் போனது. அவன் திமிறிக்கொண்டு எழுந்து கத்தினான். என்ன கத்தினான் தெரியுமா? "அப்பா எழுந்திரிங்க, அப்பா எழுந்திரிங்க."

குளத்தில் யார் தூங்கினார்கள் என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பெரியவளுக்குப் புரிந்தது. ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் கம்பிவலைக்கு வெளியே என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. தலையில் சுமந்து வந்த பாரத்தை இறக்கி வைக்க ஆள் கிடைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

உள்ளே போனேன். சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பெரியவள் எல்லாம் சொன்னாள். போன கோடையில் ஏரிக்கரை. நீங்கள் மரத்தடியில் படுத்துத் தூங்கிவிட்டீர்கள். சின்னவன் தண்ணீரில் இறங்கி வழுக்கிவிட்டான். "அப்பா எழுந்திரிங்க" என்று இவள் உங்களை உலுக்கியிருக்கிறாள், எழவில்லை. கரையெல்லாம் ஓடிக் கத்தியிருக்கிறாள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் குதித்துத் தூக்கியிருக்கிறார். அவனுக்கு மூச்சு வரக் கொஞ்ச நேரம் ஆனதாம். "அப்பா அன்னைக்கு அழுதாரும்மா. அம்மா தாங்க மாட்டா, சொல்லாதன்னு சொன்னாரு. நான் யார்கிட்டயும் சொல்லல." ஒரு வருடம். எட்டு வயதில் கேட்டதை ஒன்பது வயதுவரை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். நகத்தைக் கடிக்கிறாள் என்று அவள் விரலில் வேப்பெண்ணெய் தடவியவள் நான். தண்ணீருக்கு அலறுகிறான் என்று அவனை அடித்தவளும் நான்தான். ஏன் என்று சொல்ல வீட்டில் மூன்று பேர் இருந்தீர்கள், ஒருவரும் சொல்லவில்லை.

உங்கள் தங்கை என் எதிரில் குந்தி உட்கார்ந்து சொன்னாள்: "அண்ணன்தான் கெஞ்சிக் கேட்டுக்கிட்டாரு அண்ணி. அவனுக்குத் தண்ணி பயம் போனதும் நானே சொல்லிடுறேன், அதுவரைக்கும் என் மேல இரக்கம் காட்டுன்னாரு. எனக்கும் தண்ணின்னா உசுரே போயிடும். இருந்தாலும் வந்தேன்." அவளைப் பற்றி நான் உங்களுக்கு என்னவெல்லாம் எழுதினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க அண்ணி, நீங்க இவ்வளவு நாள் பொறுத்ததே பெருசு" என்றாள். உங்கள் குடும்பத்தில் உண்மையைச் சொல்லத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான், அவளையும் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தக் காகிதம் போதாது. முதல் இரண்டு நாள் அந்தக் கோபம் ஒரே நேர்க்கோடாக இருந்தது. மூன்றாம் நாள்தான் போன கோடையின் அந்தக் காலை நினைவுக்கு வந்தது. இராத்திரி முழுக்கப் பேருந்தில் நின்றபடி வந்திருந்தீர்கள். ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றீர்கள். கடையில் சரக்கு சரிபார்க்கிற நாள், எனக்கு வேலை கிடக்கிறது, பிள்ளைகளை எங்காவது கூட்டிப் போங்கள் என்று போர்வையை உருவியவள் நான். ஏரிக்குப் போங்கள் என்று சொன்னதும் நான்தான். நீங்கள் இதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டிவிடக் கூடாது என்றுதான் எல்லாவற்றையுமே மறைத்தீர்களோ என்று இப்போது புதிதாக ஒரு சந்தேகம். இதையும் என் புத்தி விடமாட்டேன் என்கிறது.

லீவு நீங்கள் கேட்கவே இல்லை. அதுவும் எனக்கு இப்போது புரிகிறது. என் முகத்தில் விழிக்கப் பயந்து அந்த வெயிலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பெரியவளிடம், இனி அப்பாவே சொன்னாலும் அம்மாவிடம் மறைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு அவள், "அப்ப நீ அப்பாகிட்ட சண்டை போடுவியா?" என்று கேட்டாள். போடுவேன் என்றேன். "போட்டுட்டு?" என்றாள். உங்களை உட்கார வைத்துச் சோறு போடுவேன் என்று சொன்னேன். அது போதும் போலிருக்கிறது, விளையாடப் போய்விட்டாள்.

இப்போது தினமும் காலையில் நானும் போகிறேன். கடையில் மத்தியான வேலைக்கு மாற்றிக் கேட்டேன், முதலாளி முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். நேற்று சின்னவன் குளத்தின் அகலத்தில் பாதிவரை தானாக வந்தான். ஏறி வந்ததும் அவன் முதலில் பார்த்தது என்னை இல்லை. வாசலைப் பார்த்தான். யாரைத் தேடுகிறாய் என்று நான் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. நாளைக்கே லீவுக்கு எழுதிக் கொடுங்கள். இராத்திரிப் பேருந்தில் வராதீர்கள், பகலில் உட்கார்ந்து வாருங்கள். வந்ததும் முதலில் தூங்குங்கள், நான் எழுப்ப மாட்டேன். உங்களோடு போட வேண்டிய சண்டை நிறைய இருக்கிறது. அதைக் கடிதத்தில் போட முடியவில்லை. நீங்கள் வந்தே ஆகவேண்டும்.

வாசலைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
உங்கள் மனைவி