தையல் பெட்டியை ஏன் கொடுக்கிறாய் என்று கேட்டவருக்கு

அக்கா,

இன்று காலை உங்கள் மகள் என் பழைய தையல் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். காய்ச்சலில் நீங்கள் இறந்துபோய் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்து, அலமாரியை ஒழித்தபோது கிடைத்ததாம். உள்ளே பச்சை நூல்கண்டு அப்படியே இருந்தது.

பத்து வருஷத்துக்கு முன் ஒரு மதியம் அதை உங்களிடம் நீட்டினேன். நான்கு மாதக் குழந்தையைப் பறிகொடுத்து ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. ஆம்பூர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லப் போவதை நிறுத்தியிருந்தேன். தோல் மண்டியிலிருந்து, தோல் பதனிடும் ஆவாரம்பட்டை வாடையோடு திரும்பும் என் கணவர் தாமே உலை வைப்பார். பார்க்க வந்தவர்கள், "மனச தேத்திக்கம்மா, இன்னொண்ணு பொறக்கும்" என்று சொல்லிப் போனார்கள்.

அடுத்த வீட்டுக்காரியான நீங்கள் மட்டும் பெட்டியை வாங்காமல் என் முகத்தையே பார்த்தீர்கள்.

"இன்னாத்துக்கு இதக் குடுக்கறே?"

"எனக்கு இனிமே வேணாங்க்கா."

"சாவணும்னு தோணுதா?"

உடம்பு வலிக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்டீர்கள். ஆமாம் என்றேன். சொன்ன பிறகு மூச்சு விட முடிந்தது.

அப்படி நினைப்பதே பாவம் என்று சொல்லவில்லை, திட்டவுமில்லை. மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்பலேர்ந்து?" என்றீர்கள். சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இத நாம ரெண்டு பேரோட வெச்சிக்கக் கூடாது. உன் வூட்டுக்காரர்கிட்ட சொல்லப்போறேன்" என்றீர்கள்.

"சொன்னீங்கன்னா உங்களோட பேசமாட்டேன்."

"பேசாத, பரவால்ல. நீ இருந்தா போதும்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு எழுந்தீர்கள்.

அயல் ஆண்களிடம் பேசியறியாத நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்று அவரிடம் சொன்னீர்கள். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விரிஞ்சிபுரத்திலிருந்து என் அம்மா வந்தாள். அதன்பின் ஒரு பொழுதும் என்னைத் தனியே விடவில்லை. வேலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் ரயிலில் கூட்டிப்போனார்கள். நான் பேசாவிட்டாலும் புர்கா போட்டுக்கொண்டு நீங்களும் கூட வந்தீர்கள். "இது மனசுக்கு வந்த நோவும்மா, உன் குத்தமில்ல" என்றார் டாக்டரம்மா.

ஒரே நாளில் தேறிவிடவில்லை. சில வாரங்கள் பழையபடி சரிந்தேன். தை பிறந்து ஒரு காலை, உங்கள் அடுப்பில் என்ன வேகிறது என்று அறிய ஆசையாக இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு எதையாவது தெரிந்துகொள்ளத் தோன்றியது அப்போதுதான். வந்து கேட்டேன். "கத்திரிக்கா" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினீர்கள்.

எனக்குச் சாகத் தோன்றியது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று பின்னாளில் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? உன் மூஞ்சி புரியல. புரியலன்னா கேக்கறதுதானே."

இவ்வளவுதானா என்று வியந்தேன். சாவு என்ற அந்தச் சொல்லை எடுத்தாலே நினைப்பு வளர்ந்துவிடும் என்று எல்லோரும் அஞ்சினார்கள். எனக்கோ அதைச் சொன்ன பிறகுதான் நினைப்பு சுருங்கத் தொடங்கியது. அது ஏன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

போன வாரம், நான் திரும்பப் போய்ச் சேர்ந்த அதே பள்ளிக்கூடத்தில், மாதனூரிலிருந்து வரும் புது ஆசிரியை ஒருத்தி, "பரீட்சை வரைக்கும் நான் இருக்கமாட்டேன் டீச்சர்" என்றாள். வேலையை விடப்போகிறாள் என்று எண்ணி விட்டுவிடத் தோன்றியது. ஆனாலும் நீங்கள் கேட்டதுபோல் நேராகவே கேட்டேன். மேஜைமேல் தலை கவிழ்ந்து அழுதாள். மணி அடித்தும் நான் வகுப்புக்குப் போகவில்லை. அவள் அண்ணனை வரவழைத்துச் சொன்னேன். இப்போது வீட்டில் எப்போதும் யாராவது அவளோடு இருக்கிறார்கள்.

நாளைக் காலை அவளையும் அண்ணனையும் வேலூர் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போகிறேன். ரயிலில் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு இப்போது பயமில்லை, அக்கா.